கடைசி நாலு கிலோ: கிழமைக்கு எவ்வளவு குறைத்தால் போதும்?

நிறை குறைக்கத் தொடங்குகிறவருக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சோற்றைக் குறை, சீனியை விடு, பின்னேரத்தில் நட என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். எல்லாம் சரியான புத்திதான். ஆனால் பத்துப் பதினைந்து கிலோவைக் குறைத்துவிட்டு, இன்னும் மூன்று நாலு கிலோதான் மிச்சம் என்ற கட்டத்தில் நிற்கிறவருக்குச் சொல்ல யாரிடமும் எதுவும் இருப்பதில்லை. அதுவரை கிழமைக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று இறங்கி வந்த தராசு திடீரென்று முரண்டு பிடிக்கிறது. பயந்துபோய் இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்துகிறார்கள். ஆறேழு கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, களைத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த பொங்கலுக்குள் பழைய நிறை திரும்பி வந்துவிடுகிறது.

திருகோணமலையில் பின்னேரம் டச்பே கடற்கரையிலோ உட்துறைமுக வீதியிலோ நடக்கிறவர்களோடு கதைத்துப் பாருங்கள். பாதிப் பேரிடம் இந்தக் கதை இருக்கும். அவர்களிடம் மனவுறுதி இல்லாமல் இல்லை. 78 கிலோவில் சரியாக இருந்த வேகத்தை 62 கிலோவிலும் உடம்பிடம் கேட்டார்கள், அவ்வளவுதான். என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: எட்ட வேண்டிய நிறை கிட்ட வரும்போது வேகத்தைப் பாதியாக்க வேண்டும். கடைசி இரண்டு கிலோவுக்கு அதையும் குறைக்க வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

பரவலாகச் சொல்லப்படும் ஆலோசனை, கிழமைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. இதற்கு அடியில் இருக்கும் கணக்கு எளிது. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7700 கலோரி இருக்கிறது. அதை ஒரு கிழமையில் கரைக்க நாளுக்கு 1100 கலோரி துண்டு விழ வேண்டும், அதாவது உடம்பு செலவழிப்பதைவிட அவ்வளவு குறைவாகச் சாப்பிட வேண்டும். அரைக் கிலோவுக்கு 550, கால் கிலோவுக்கு 275. ஆரம்பத்தில் இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். ஆனால் நாள்போகப் போக உடம்பு சிறிதாகிறது, செலவும் குறைகிறது, கணக்கு பிசகத் தொடங்குகிறது.

உவர்மலையில் இருக்கிற ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். வயது 45, உயரம் 158 சென்றிமீற்றர். தொடங்கும்போது 78 கிலோ, இப்போது 62, போக நினைப்பது 58. வகுப்பில் நிற்பது, வீட்டுவேலை, கொஞ்ச நடை. மருத்துவர்களும் போசாக்கு நிபுணர்களும் வழக்கமாகப் பாவிக்கும் சூத்திரத்தில் போட்டால், 78 கிலோவில் அவருடைய நாளாந்தச் செலவு சுமார் 1930 கலோரி. நாளுக்கு 1400 சாப்பிட்டபோது கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தது. 62 கிலோவில் அதே உடம்பின் செலவு சுமார் 1710. அதே 1400-ஐச் சாப்பிட்டால் கிழமைக்கு 280 கிராம்தான் குறையும். அவர் எதையும் பிழையாகச் செய்யவில்லை, ஆனாலும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

சரி, பழைய அரைக் கிலோ வேகமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால்? நாளுக்கு 1160 கலோரிக்கு இறங்க வேண்டும். 58-ஐ நெருங்கும்போது 1100. இந்த அளவில் இரும்பு, கல்சியம், புரதம் எல்லாவற்றையும் சாப்பாட்டிலிருந்தே எடுப்பது பெரும்பாடு. காலையில் மூன்று இடியப்பமும் சொதியும், மத்தியானம் அரைக் கோப்பைச் சோறும் மீனும், இரவில் ஒரு பிளேன்டீயும் என்று நாள் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஆறாம் பாடத்துக்கு நிற்கும்போதே தலை சுற்றும்.

உண்மையில் செலவு, சூத்திரம் சொல்வதைவிடவும் குறையக்கூடும். 1995-இல் லைபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. நிறையில் பத்துச் சதவீதத்தைக் குறைத்துவிட்டு அந்த நிறையிலேயே இருப்பவர்களின் உடம்பு, அதன் பருமனுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே சக்தியைச் செலவழித்தது. உடம்பு சிக்கனம் பிடிக்கப் பழகிவிடுகிறது.

ஆனால் செலவு குறைவதைவிடப் பெரிய விஷயம் பசி. எல்லோரும் "மெட்டபாலிசம் குறைந்துபோச்சு" என்று சொல்வதால் இது மறைந்துபோகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தின் கெவின் ஹாலும் குழுவினரும் 2016-இல் ஒரு மதிப்பீடு செய்தார்கள். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளுக்கு 20, 30 கலோரி குறைகிறது. பசியோ நாளுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே கடைசிக் கட்டத்தில் தடுக்கி விழுகிறவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. 78 கிலோவில் இருந்தபோது ஒரு பருப்பு வடையை வேண்டாமென்று தள்ளியதைவிட, 60 கிலோவில் அதே வடையைத் தள்ளுவது உண்மையிலேயே கஷ்டம். அந்தக் கஷ்டத்தின் மேல் பெரிய துண்டு விழுகையை ஏற்றினால் உடையத்தான் செய்யும்.

அடுத்தது, எது குறைகிறது என்ற கேள்வி. தராசு கொழுப்பையும் தசையையும் பிரித்துச் சொல்லாது. கில்பர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி பல ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து ஓர் ஒழுங்கைக் கண்டார். உடம்பில் கொழுப்பு நிறைய இருப்பவர் நிறை குறைத்தால் குறைவதில் பெரும்பகுதி கொழுப்பு. கொழுப்பு குறைவாக இருப்பவர் குறைத்தால் அதில் தசையின் பங்கு கூடிக்கொண்டே போகும். அதாவது மிச்சம் குறையக் குறைய, அவசரத்துக்குக் கொடுக்கும் விலையும் ஏறுகிறது. நோர்வேயில் விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. ஒரு குழு கிழமைக்கு உடல் நிறையில் 0.7 சதவீதமும், மற்றது 1.4 சதவீதமும் குறைக்க இலக்கு வைத்தது. இரண்டும் எடைப் பயிற்சி செய்தன. மெதுவாகக் குறைத்தவர்களுக்குத் தசை கூடியது; வேகமாகக் குறைத்தவர்களுக்குக் கூடவில்லை. அவர்கள் வீரர்கள், நாங்கள் சாதாரண ஆட்கள். ஆனால் நெருங்கும்போது மெதுவாகப் போ என்ற திசை மாறவில்லை.

தசைப் பேச்சு எங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். 2004-இல் லான்செட் சஞ்சிகையில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி (BMI, கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) ஒரே 22.3. யூட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். பார்க்க மெலிவாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு என்பது தெற்காசிய உடம்பின் இயல்பு. சீனி வருத்தம் எங்களிடம் இளவயதிலேயே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சாப்பிடும் சீனியில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைதான். கடைசி நாலு கிலோவை அவசரப்பட்டு இறக்கி, அதில் ஒன்றரைக் கிலோ தசையாகப் போனால், தராசு நல்ல செய்தி சொல்லும். உடம்புக்கு அது நட்டம். அறுபது வயதைத் தாண்டியவருக்கு இன்னும் பெரிய நட்டம். மாடிப்படி ஏறவும் விழுந்தால் கையூன்றி எழும்பவும் தேவைப்படுவது அந்தத் தசையே.

இந்த இடத்தில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேகமாகக் குறைத்தால் வேகமாகத் திரும்பி வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது அப்படியே உண்மை இல்லை. மெல்பேர்னில் 204 பேரை வைத்துச் செய்து 2014-இல் வெளியான ஆய்வில் ஒரு குழு 12 கிழமையிலும் மற்றது 36 கிழமையிலும் நிறை குறைத்தது. ஏறத்தாழ மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் இரு குழுவிலும் குறைந்த நிறையில் சுமார் 71 சதவீதம் திரும்பி வந்திருந்தது. வித்தியாசமே இல்லை. அதுபோல பிரித்தானியாவில் நடந்த டைரக்ட் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவக் கண்காணிப்போடு நாளுக்கு 850 கலோரி அளவில் மூன்று முதல் ஐந்து மாதம் இருந்தார்கள். ஒரு வருட முடிவில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நீரிழிவு தணிந்திருந்தது. ஆகவே 95 கிலோவில் இருப்பவர் வைத்தியரின் கண்காணிப்பில் வேகமாகத் தொடங்கினால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பருத்த உடம்போடு தொடங்கியவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பலனை 62 கிலோ ஆசிரியைக்குப் பொருத்தக் கூடாது.

சரி, எவ்வளவுதான் வைப்பது? என் கணிப்பு இப்படி. பத்துக் கிலோவுக்கு மேல் மிச்சம் இருப்பவருக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ என்ற பழைய அளவே போதும். மிச்சம் ஐந்துக்குக் கீழே வந்ததும் உடல் நிறையில் அரைச் சதவீதத்தை மேல் எல்லையாக வைக்க வேண்டும். ஆசிரியைக்கு அது 300 கிராம். கடைசி இரண்டு கிலோவுக்கு 200 கிராம். இப்படிப் போனால் 62-இலிருந்து 60-க்கு ஏழு கிழமை, 60-இலிருந்து 58-க்குப் பத்துக் கிழமை, மொத்தம் நாலு மாதம். அரைக் கிலோ வேகத்தில் போனால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும், முடிந்தால். ஆக, கூடுதலாகக் கேட்பது இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதத்துக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? 58 கிலோவில் அவருடைய செலவு சுமார் 1650 கலோரி. மெதுவாக வந்தவர் அந்தக் கட்டத்தில் 1450 சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நிறையைப் பிடித்துவைக்க அவர் கூட்ட வேண்டியது 200 கலோரி. ஒரு அகப்பைச் சோறும் ஒரு வாழைப்பழமும். அவசரப்பட்டு வந்தவரோ 1100-இல் இருப்பார். அவர் கூட்ட வேண்டியது 550. அது ஒரு முழுநேரச் சாப்பாடு. எதைக் கூட்டுவது, எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அப்படிச் சாப்பிட்டுப் பழகவே இல்லை. அதோடு பசியும் உச்சத்தில் இருக்கும். வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவருகிறவர் இயந்திரத்தை முன்கூட்டியே அடக்குவதுபோல, இலக்குக்கு முன்பே சாப்பாட்டை இலக்கின் சாப்பாட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்துவிட வேண்டும். மெதுவான வேகத்துக்கு நான் காணும் ஆகப் பெரிய நியாயம் இதுதான். தசை, பசி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மெதுவாகப் போவதில் ஒரு பெரிய தலையிடி உண்டு. தராசில் தெரியாது. 200, 300 கிராம் மாற்றத்தை, நாளுக்கு நாள் ஒரு கிலோ ஏறி இறங்கும் தராசில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியை ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"அக்கா, போன கிழமை 62. இந்தக் கிழமை ஒழுங்காச் சாப்பிட்டு, ஒழுங்கா நடந்து, இண்டைக்குப் பார்த்தா 62.7. எனக்கு இனிக் குறையாது போல."

"நேற்று இரவு என்ன கறி, பிள்ளை?"

"கருவாட்டுக் குழம்பு. அம்மா மூதூரில இருந்து குடுத்துவிட்டவ."

அந்த 700 கிராம் கருவாட்டு உப்பு பிடித்துவைத்த தண்ணீர். இரண்டு நாளில் போய்விடும். உப்பு ஒன்று. சோற்றையும் பாணையும் குறைத்த நாட்களில் தசையிலும் ஈரலிலும் சேமிப்பாக இருக்கும் மாச்சத்தான கிளைக்கோசன் குறையும். ஒரு கிராம் கிளைக்கோசனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் போகும். மறுநாள் கலியாண வீட்டில் வயிறாரச் சாப்பிட்டால் எல்லாம் திரும்பி வரும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பல பெண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நடந்துவிட்டு வந்து நிறுத்துப் பார்த்தால் முக்கால் கிலோ குறைந்திருக்கும். அது வியர்வை, அதைக் கண்டு சந்தோஷப்படவும் எதுவும் இல்லை.

வழி ஒன்றுதான். ஒரே தராசு, காலையில் எழும்பி, கழிவறைக்குப் போய்வந்து, தேத்தண்ணி குடிக்க முன் நிறுத்து, ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுக்க வேண்டும். ஆசிரியையின் ஒரு கிழமை இப்படி இருந்தது: 62.4, 61.8, 62.9, 62.1, 61.9, 62.6, 62.0. மேலுக்கும் கீழுக்கும் 1.1 கிலோ வித்தியாசம். சராசரி 62.2. இந்தச் சராசரியை நாலு கிழமைக்கு முந்திய சராசரியோடு மட்டும் ஒப்பிட வேண்டும். 800 கிராமிலிருந்து 1.2 கிலோ வரை குறைந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். 400 கிராமுக்குக் குறைவென்றால் நாளுக்கு 100 கலோரியைக் குறைக்கலாம், அல்லது நடையைக் கொஞ்சம் கூட்டலாம். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும். கடைசி ஆலோசனையை யாரும் கேட்பதில்லை என்பது தெரியும். வேகமாகக் குறைவதைப் பார்க்கும்போது கை சோற்றுக்கு நீளாது. ஆனால் அந்த இடத்தில் கூட்டுகிறவர்தான் ஆறு மாதம் கழித்தும் அதே நிறையில் இருப்பார். தினமும் நிறுத்தால் மனம் அலைபாயும் என்கிறவர்கள் கிழமைக்கு மூன்று நாள் நிறுத்துச் சராசரி பார்க்கலாம். பார்மசி வாசலில் மாதமொருமுறை ஏறிப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சப்பாத்து, மத்தியானச் சாப்பாடு, வேறு தராசு எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோ பிசகும்.

நாளுக்கு 200, 250 கலோரி துண்டு விழுகை என்பது எங்கள் சாப்பாட்டில் எங்கே கிடைக்கும்? பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 16 கலோரி. குவித்துப் போட்டால் 25-ஐத் தொடும். நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 130 கலோரி அங்கேயே இருக்கிறது. புட்டுக்கு மேல் தூவும் ஒரு கை தேங்காய்ப்பூ, 30 கிராம் என்று வைத்தால், 100 கலோரியைத் தாண்டும். இரண்டையும் சேர்த்தால் அன்றைய கணக்கு முடிந்தது. சோற்றில் கைவைக்கவே தேவையில்லை. தாளிக்கும் தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120. கடற்கரையில் கொறிக்கும் கச்சான் 50 கிராம் 280. நாலு கிலோமீற்றர் நடந்து வீடு திரும்பும் 62 கிலோ ஆள், சும்மா இருந்திருந்தால் செலவாகியிருக்கும் சக்தியைக் கழித்துப் பார்த்தால், கூடுதலாக எரித்தது 125 கலோரி அளவுதான். நடை இதயத்துக்கும் சீனிக்கும் மனதுக்கும் நல்லது. அதைக் கச்சான் பையால் ஈடுசெய்துவிட்டு, நடந்தும் குறையவில்லையே என்று கவலைப்படக் கூடாது.

குறைக்கக் கூடாதது புரதம். இந்தக் கட்டத்தில் கிலோவுக்கு 1.2 கிராம் என்றாலும் வேண்டும். ஆசிரியைக்கு நாளுக்கு எழுபது கிராமுக்கு மேல். கொழும்பில் இருப்பவரைவிடத் திருகோணமலைக்காரருக்கு இதில் வசதி. வலை இழுத்த மீன் காலையிலேயே சந்தைக்கு வந்துவிடுகிறது. சூரை 100 கிராமில் 23 கிராம் அளவு புரதம், சாளையிலும் கீரியிலும் 20 அளவு. 150 கிராம் மீன், ஒரு முட்டை, ஒரு கோப்பை பருப்பு, கொஞ்சம் கிண்ணியாச் சட்டித்தயிர், சோற்றிலும் மரக்கறியிலும் வருவது என்று சேர்த்தால் எழுபது கிராம் முட்டிவிடும். தயிரில் பாணியை ஊற்றாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரருக்குக் கடலை, பயறு, சோயாமீற் இருக்கிறது. மீனைப் பொரிக்காமல் புளி போட்டுக் குழம்பாகவோ தணலில் சுட்டோ எடுத்தால் எண்ணெய்க் கணக்கும் அடங்கிவிடும்.

புரதத்தோடு தசைக்கு வேலையும் வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள், அரை மணித்தியாலம். ஜிம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலனை இரு கையிலும் தூக்கி முற்றத்தில் நடப்பது போதும். மே முதல் ஓகஸ்ட் வரை இங்கே வெயில் கொல்லும். பின்னேரம் ஐந்துக்குக்கூடத் தார் வீதி கொதிக்கும். அந்த மாதங்களில் நடையைக் காலை ஆறுக்கு மாற்றுவது நல்லது. மார்கழி மழையில் நடை தடைப்படும்போதும் வீட்டுக்குள் இந்தப் பயிற்சி ஓடும்.

திருவிழாவும் விரதமும் தனிக் கணக்கு. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில், பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில், கந்தசஷ்டியில் சாப்பாட்டு நேரம் எல்லாம் குழம்பும். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதம் முழுக்க அப்படித்தான். விரதத்தை நிறை குறைக்கும் கருவியாக எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பகல் முழுக்க ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு இரவு மோதகமும் வடையும் பாயாசமுமாகத் தீர்த்தால் கணக்கு ஒன்றுதான். அந்த நாட்களில் நிறை ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும். இரண்டு கிழமை குறையாமல் நின்றால் நாலு மாதப் பயணம் நாலரை மாதமாகும். கெட்டது எதுவும் இல்லை. இதைத் தோல்வியாக எண்ணி மறுகிழமை பட்டினி கிடப்பதுதான் கெடுக்கும்.

இலக்கு எண்ணையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். 58 எங்கிருந்து வந்தது? பலருக்கு அது கலியாணத்தின்போது இருந்த நிறை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23-இலிருந்தே கவனம் தேவை என்றது. 158 சென்றிமீற்றருக்கு 23 என்பது 57.4 கிலோ. ஆகவே 58 நியாயமான எண்தான். ஆனால் 60 கிலோவில் இடுப்புச் சுற்றளவு 80 சென்றிமீற்றருக்குக் கீழே வந்து, பிரஷரும் சீனியும் கொலஸ்ட்ரோலும் ஒழுங்காக இருந்தால், அங்கேயே நிற்பதிலும் குறையில்லை. ஆண்களுக்கு அந்த இடுப்பு எல்லை 90. நாடாவைத் தொப்புள் மட்டத்தில் வயிற்றை எக்காமல் பிடித்து அளக்க வேண்டும். தராசு நாலு கிழமை அசையாமல் நின்று இடுப்பு ஒரு சென்றிமீற்றர் இறங்கியிருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மறுபக்கம், சுட்டி 20, 21-இல் இருந்துகொண்டு இன்னும் மூன்று கிலோ என்கிறவரிடம், குறிப்பாக இளம் பிள்ளைகளிடம், ஏன் என்று அன்பாகக் கேட்க வேண்டியது வீட்டில் இருப்பவர்களின் பொறுப்பு.

மருந்து எடுப்பவர்களுக்கு இது தனியாக. சீனி வருத்தத்துக்குக் கிளிக்ளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ பாவிப்பவர் 78 கிலோவுக்கு எழுதிய அளவை 62 கிலோவிலும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டையும் குறைத்தால் சீனி ஆபத்தாக இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, தலை கிறுகிறுத்தால் உடனே இனிப்பான ஏதாவது குடித்துவிட்டு, அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பிரஷர் குளிசைக்கும் இதே கதைதான்; எழும்பும்போது கண் இருட்டினால் அளவு கூடிவிட்டது என்பதற்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம். குளிசையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்குப் பித்தக்கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. எதையும் குறைக்காமலே நிறை இறங்கிக்கொண்டு போகிறதென்றால் அதைக் கொண்டாட வேண்டாம். வைத்தியசாலைக்குப் போய்க் காட்ட வேண்டிய விஷயம் அது.

58-ஐத் தொட்ட பிறகு செய்ய வேண்டியதை முன்பே முடிவு செய்து வைப்பது நல்லது. முதல் இரண்டு கிழமை நாளுக்கு 100 கலோரி கூட்டலாம், அடுத்த இரண்டு கிழமை இன்னொரு 100. கூட்டிய உடனே தராசு அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறும். அது கிளைக்கோசனும் தண்ணீரும்தான். ஆஸ்திரேலியாவில் சுமித்ரனும் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நிறை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே முதல் வருடம் முழுக்கக் கிழமைச் சராசரியைக் கொப்பியில் எழுதிவருவது அவசியம். 57-க்கும் 59-க்கும் இடையில் எங்கே நின்றாலும் கவலைப்பட வேண்டாம். இரண்டு கிழமைச் சராசரி தொடர்ந்து 60-ஐத் தாண்டினால், தேத்தண்ணிச் சீனியையும் தேங்காய்ப்பூவையும் மறுபடி எண்ணத் தொடங்கி, கிழமைக்கு 200 கிராம் வேகத்தில் 58-க்கு இறங்கலாம். அதற்கு மேல் வேகம் அப்போதும் வேண்டாம்.